தோல் கழிவுநீரின் பி.எச். அளவை உடலின் முறையில் கட்டுப்படுத்துதல்: புதிதாக வேலைக்குச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) கழிவுநீர்ப் பிரிவிலோ, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ முதன்முதலாக வேலைக்குச் சேரும் டிப்ளமோக்காரரிடமும் வேதியியல் பட்டதாரியிடமும் பெரும்பாலும் ஒரே பொறுப்புதான் முதலில் ஒப்படைக்கப்படுகிறது. காற்றூட்டுத் தொட்டிக்குள் செல்லும் நீரின் பி.எச். அளவு (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. வெளியேறும் நீருக்கு விதிக்கப்பட்ட எல்லை 5.5 முதல் 9.0 வரை என்றாலும், காற்றூட்டுத் தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை, 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் வைத்திருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், சுத்திகரிப்பு என்பது டேனரி நடத்துவோரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இல்லாமல் போயிற்று. ஆகவே இந்த அளவைப் பிடித்து வைப்பது இப்பகுதியில் எவ்விதத்திலும் சில்லறை வேலை அன்று.

இந்த வேலையை மனித உடல் எப்படிச் செய்கிறதோ அந்த ஒழுங்கில் செய்வதற்கான படிகளை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, வெட் புளூ தோலை (குரோமியத்தால் முதற்கட்டமாகப் பதனிட்ட ஈரத்தோலை) வாங்கி, ரீடேனிங் (மறுபதனிடல்), சாயமேற்றுதல், ஃபேட்லிக்கர் (மென்மைக்காக எண்ணெய் ஏற்றுதல்) ஆகிய வேலைகளை மட்டும் செய்யும் ஒரு டேனரியை எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து வரும் நீர் அமிலத்தன்மை உடையது. அதைச் சுண்ணாம்புப் பால் (நீரில் கலக்கிய சுண்ணாம்பு), காஸ்டிக் சோடா ஆகிய இரண்டையும் கொண்டு சமன்படுத்துகிறோம். பச்சைத் தோலிலிருந்து தொடங்கும் டேனரிகளின் சுண்ணாம்புக் குழி நீரில் சல்ஃபைடு இருக்கும் என்பதால், இங்கே சொல்லப்படும் எதையும் அந்த நீருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சல்ஃபைடு நீங்காத நீரில் அமிலம் சேர்ந்து பி.எச். அளவு 7-ஐ நெருங்கும்போது, கரைந்திருக்கும் சல்ஃபைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகிவிடும்; அந்த வாயு ஆளைக் கொல்லும். அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று மறைந்துவிட்டால் வாயு தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை வாயு எட்டிவிட்டால், சில நிமிடங்களில் மூக்கே அதை உணரும் திறனை இழந்துவிடும்.

உடல் என்ன செய்கிறது

நம் இரத்தத்தின் பி.எச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் அது ஒரு லிட்டருக்கு 45 முதல் 35 நானோமோல் (பத்து லட்சம் நானோமோல் ஒரு மில்லிமோல்). ஆனால் உடல் ஒரு நாளில் உண்டாக்கும் கரியமில வாயு ஏறக்குறைய 15,000 மில்லிமோல். அது தவிர, நுரையீரல் வழியாக வெளியேற முடியாத அமிலங்களும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 மில்லிமோல் வீதம் அன்றாடம் சேர்கின்றன. இவ்வளவு பெரிய சுமை உள்ளே வந்தும் அளவு அசையாமல் நிற்பதற்குக் காரணம், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடுக்குகள் வேலை செய்வதுதான். முதலாவது, இரத்தத்திலேயே கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் புரதங்களும். இவை ஒரு நொடிக்குள் அதிர்ச்சியை மழுக்கிவிடுகின்றன. இரண்டாவது, மூச்சு, அது சில நிமிடங்களில் வேகம் கூடியோ குறைந்தோ கரியமில வாயுவின் அளவைத் திருத்துகிறது, ஆனால் பிழையில் 50 முதல் 75 விழுக்காடு வரைதான் அதனால் சரிசெய்ய முடிகிறது. மீதியைத் தீர்ப்பது மூன்றாவது அடுக்காகிய சிறுநீரகம். அதற்கு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நேரம் பிடித்தாலும், தொடங்கிய வேலையை முழுமையாக முடித்துவிடுகிறது.

வால்டர் கேனன் 1926-இல் 'ஹோமியோஸ்டேசிஸ்' என்று பெயரிட்ட இந்தத் தன்னிலை காக்கும் ஏற்பாட்டில், நம் தொழிலுக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான். எல்லாவற்றையும் சமாளிக்கும் ஒரு கெட்டிக்காரக் கட்டுப்படுத்தி உடலில் எங்கும் இல்லை. வேகத்தாலும் செலவாலும் மாறுபட்ட பல சாதாரண அடுக்குகள் சுமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. உயிரியலின் பெயரைத் தாங்கி வரும் கணிப்பு முறைகளைத் தேடிப் போவதற்கு முன்னால், இந்தப் பங்கீட்டை நம் தொட்டிகளில் அமைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எறும்புக் கூட்டத்தையும் பறவைக் கூட்டத்தையும் பார்த்து உருவாக்கிய முறைகள், கட்டுப்படுத்தியின் எண்களைத் தேர்ந்தெடுப்பதற்கு உதவும் தேடல் கருவிகள் மட்டுமே. மூளையின் உணர்ச்சிக் கற்றலை மாதிரியாகக் கொண்டு 2004-இல் முன்வைக்கப்பட்ட பெல்பிக் போன்றவை உண்மையிலேயே கட்டுப்படுத்திகள்தாம். ஆயினும் டோசிங் லைன் (இரசாயனம் செலுத்தும் குழாய்) அடைத்துக்கொண்டிருக்கும் நிலையத்தில் அவற்றாலும் ஒன்றும் ஆகாது.

முதல் படி: இடையூற்றை அளந்து எழுதுதல்

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், நிமிடத்துக்கு ஒரு முறை வரவு நீரின் பி.எச்., வரவு ஓட்டம், டோசிங் பம்பின் வேகம், சமன் தொட்டியின் (வரும் நீரைத் தேக்கிக் கலக்கும் தொட்டியின்) மட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்த டிரம் (தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் பீப்பாய்) எத்தனை மணிக்குத் திறந்துவிடப்பட்டது என்பதை டிரம் மேஸ்திரியிடம் கேட்டு எழுதுங்கள். பி.எல்.சி. (பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தரும் வரைபடமும் மேஸ்திரி சொன்ன நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான், எந்தப் பள்ளம் சாய டிரம்மால் வந்தது, எது மின்வெட்டுக்குப் பின் ஜெனரேட்டர் பிடித்தபோது வந்தது என்று பிரித்தறிய முடியும்.

அடுத்து டைட்ரேஷன், அதாவது நீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாக விட்டு, பி.எச். மாறும் விதத்தை வளைவாக வரைதல். இந்தப் படியை அவசரமாகச் செய்பவர்கள் பின்னால் பல மாதங்கள் அவதிப்படுவார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சமன் தொட்டி நீரில் 500 மில்லி எடுத்து, பீக்கரில் ஊற்றி, காந்தக் கலக்கியின் மேல் வையுங்கள். ப்யூரெட்டில் 0.1 நார்மல் காஸ்டிக் கரைசலை நிரப்பி, முதலில் ஒரு மில்லியாகவும், வளைவு செங்குத்தாகத் தொடங்கியதும் அரை மில்லியாகவும், பின்னர் துளித்துளியாகவும் விட்டு, ஒவ்வொரு முறையும் எண் நிலைத்தபின் பி.எச். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.எச். 4 காட்டும் வெறும் அமில நீருக்கு, லிட்டருக்கு 4 மில்லிகிராம் காஸ்டிக் போட்டாலே அது நடுநிலைக்கு வந்துவிட வேண்டும். சாய டிரம்மின் நீர் அப்படி வராது. அதிலுள்ள ஃபார்மிக் அமிலம் 3.75-ஐச் சுற்றி வளைவைத் தட்டையாக்கிவிடும். ரீடேனிங் பொருள்களும் குரோமியமும் தம் பங்குக்குக் காஸ்டிக்கைக் குடிக்கும். மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு நாள்களின் நீருக்கு வேண்டிய காஸ்டிக் பல மடங்கு வேறுபடுவது இதனால்தான். இப்படி வெவ்வேறு நாள்களிலும் ஷிஃப்ட்களிலும் மாதிரி எடுத்து, வளைவுகளை ஒரே தாளில் வரைந்தால், எந்த இடத்தில் வளைவு மிகச் செங்குத்தாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பின்னால் கட்டுப்படுத்தியை ட்யூன் செய்யும்போது (அதன் எண்களைப் பொருத்தும்போது) அந்த இடம் தேவைப்படும்.

இரண்டாம் படி: சமன் தொட்டியைத் தாங்கலாக மாற்றுதல்

உடலில் பைகார்பனேட் செய்யும் வேலையை நம் நிலையத்தில் சமன் தொட்டி செய்ய வேண்டும். அதைக் கழிவுநீர் காத்திருக்கும் குழியாக மட்டும் பார்ப்பது இங்கே பரவலாக இருக்கும் பழக்கம். எட்டு மணி நேரத்துக்கான நீரைக் கொள்ளும், நன்றாகக் கலக்கப்படும் தொட்டி ஒன்றில், அரை மணி நேரத்துக்கு அமிலம் மிகுந்த நீர் வந்து விழுகிறது என்று கொள்வோம். அந்த நீரின் அமிலச் செறிவுக்கும் தொட்டியின் செறிவுக்கும் உள்ள வேறுபாட்டில், வெளியே செல்லும் நீரில் தெரிவது சுமார் 6 விழுக்காடு மட்டுமே. இரசாயனமும் வேண்டாம், கட்டுப்படுத்தியும் வேண்டாம். இடையூற்றின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடுகிறது. அதே தொட்டியில் பாதிக்குச் சேறு தங்கி, நாலு மணி நேர நீர்தான் நிற்கிறது என்றால், அந்த 6 விழுக்காடு ஏறக்குறைய 12 ஆகிவிடும்.

ஆகவே ட்யூனிங்கில் கை வைப்பதற்கு முன் மூன்று வேலைகளை முடியுங்கள். தொட்டியின் அடியில் தங்கியிருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். காற்று டிஃப்யூசர்களில் எவை அடைத்திருக்கின்றன என்று பார்த்து மாற்றுங்கள். நீர்ப்பரப்பில் குமிழி எழாமல் கண்ணாடிபோல் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே தேடினால் போதும். அடுத்து, வெளியேற்றும் பம்பு ஃப்ளோட் சுவிட்ச்சைக் கேட்டு நின்று நின்று ஓடுவதை நிறுத்தி, ஒரே சீரான ஓட்டத்தில் ஓடுமாறு அமைத்து, மட்டத்தை மேலும் கீழும் போக விடுங்கள். மட்டம் அசையாமல் இருக்க வேண்டும் என்று மெனக்கெடுபவர், வரவின் ஒவ்வொரு குலுக்கலையும் அடுத்த தொட்டிக்குத் தம் கையாலேயே கடத்துகிறார்.

மூன்றாம் படி: உணரியை நம்பத்தக்கதாக ஆக்குதல்

இரத்தத்தின் அமிலத்தன்மையை உடல் ஒரே இடத்தில் நின்று அளப்பதில்லை. கழுத்துத் தமனியின் அருகிலுள்ள உணரிகள் விரைவாகச் செய்தி அனுப்புகின்றன. மூளைத் தண்டில் உள்ளவை சற்றுத் தாமதித்தாலும் மூச்சின் வேகத்தை முடிவு செய்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன. நாமும் வரவில் ஒன்று, டோசிங்குக்குப் பிந்தைய தொட்டியில் ஒன்று என்று இரண்டு புரோப் (பி.எச். உணரி) வைக்க வேண்டும். பின்னூட்டத்துக்கான, அதாவது விளைவை அளந்து பம்பைத் திருத்த உதவும் புரோப், இரசாயனம் விழும் இடத்துக்கு மிக அருகிலும் இருக்கக் கூடாது, மிகத் தொலைவிலும் இருக்கக் கூடாது. அருகில் இருந்தால் கலக்காத நீரை அளந்து துள்ளும். தொலைவில் இருந்தால் செய்தி வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

வாரம் ஒரு முறையாவது 4.01, 7.00 பஃபர்களில் (பி.எச். அளவு தெரிந்த கரைசல்களில்) சரிபாருங்கள், 10.01 பஃபரையும் மாதம் ஒரு முறை பயன்படுத்துங்கள். 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு பி.எச். அலகுக்குப் புரோப் தரும் மின்னழுத்தம் 59.16 மில்லிவோல்ட் என்பது இலக்கணம். 40 டிகிரியில் அது 62-ஐத் தாண்டும். வேலூரின் மே மாத வெயிலில் தொட்டி நீர் எவ்வளவு சூடாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், வெப்பத் திருத்தம் இல்லாத பழைய டிரான்ஸ்மிட்டரை (புரோப்பின் அளவை பி.எல்.சி.க்கு அனுப்பும் கருவியை) மாற்றச் சொல்லி ஏன் வலியுறுத்த வேண்டும் என்பது விளங்கும். கண்ணாடிக் குமிழில் ஃபேட்லிக்கரின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் மென்மையான சோப்பு நீரிலும், சுண்ணாம்பு படிந்திருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கழுவ வேண்டும்; உரசித் துடைக்கக் கூடாது.

இந்த இடத்தில் உடல் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. இரத்த அழுத்தம் பல நாள்கள் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், அதை அளக்கும் உணரிகள் அந்த உயர்ந்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்பத் தம்மை மாற்றி அமைத்துக்கொள்கின்றன. மெல்ல மெல்ல விலகிப் போகும் பி.எச். புரோப்பும் அப்படித்தான். திரையில் 7.6 என்று நேர்கோடாக ஓடிக்கொண்டிருக்கும். நீர் உண்மையில் 8.4-இல் இருக்கும். கட்டுப்படுத்தி எவ்வளவு திறமையானதோ அவ்வளவு விசுவாசமாகத் தவறான அளவைக் காப்பாற்றும். ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை கையடக்க மீட்டரால் அதே இடத்தில் அளந்து, இரண்டு எண்களையும் ரெஜிஸ்டரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

நான்காம் படி: வேகமான வளையம்

அளப்பதும் அதற்கேற்பப் பம்பைத் திருத்துவதும் திரும்பத் திரும்பச் சுற்றுவதையே வளையம் என்கிறோம். சுண்ணாம்புப் பாலை முதல் கலவைத் தொட்டியிலும், காஸ்டிக்கை இரண்டாவது தொட்டியிலும் சேர்க்கும் ஏற்பாட்டைக் கொள்வோம். சுண்ணாம்பு மலிவு, ஆனால் கரைந்து வேலை செய்ய நேரம் எடுக்கும். காஸ்டிக் உடனே வேலை செய்யும், ஆனால் விலை கூடுதல். அதன் சோடியம் முழுவதும் நீரிலேயே கரைந்து நின்று டி.டி.எஸ். அளவை (கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவை) ஏற்றிவிடும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற எல்லையையும், அடுத்து வரும் ஆர்.ஓ. சவ்வுகளின் பாட்டையும் நினைத்தால், காஸ்டிக்கை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே முறை. மூச்சைப்போல அது முதலில் பாய்ந்து உதவ வேண்டும். பிறகு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

காஸ்டிக் பம்பைக் கையால் ஓட்டும் நிலைக்கு மாற்றி, நீர் நிலையாக இருக்கும் நேரத்தில் அதன் வேகத்தை 2 விழுக்காடு மட்டும் கூட்டுங்கள். பி.எச். அசையத் தொடங்கும் வரை ஆகும் நேரம் காலத்தாழ்வு; மொத்த மாற்றத்தில் 63 விழுக்காட்டை அடைய அதற்குமேல் ஆகும் நேரம் கால மாறிலி; ஒரு விழுக்காடு பம்பு வேகத்துக்கு எத்தனை பி.எச். அலகு மாறியது என்பது பெருக்கம். எடுத்துக்காட்டுக்காக இவை முறையே 40 நொடி, 300 நொடி, 0.2 என்று கொள்வோம். சிகுர்ட் ஸ்கோகெஸ்டாட் 2003-இல் வெளியிட்ட எளிய விதியின்படி, விரும்பும் மறுமொழி நேரத்தைக் காலத்தாழ்வைப்போல் இரு மடங்காக, அதாவது 80 நொடியாக வைத்தால், விகிதப் பெருக்கம் (அப்போதைய பிழைக்கு ஏற்பப் பம்பைத் திருத்தும் அளவு) 300-ஐ 0.2-ஆலும் 120-ஆலும் (80-உம் 40-உம் சேர்ந்தது) வகுத்து வரும் 12.5, தொகைநேரம் (தேங்கிய பிழையைக் கூட்டித் திருத்தும் வேகத்தைக் குறிக்கும் நேரம்) 300 நொடி. காலத்தாழ்வுக்குச் சமமாகவே வைக்கலாம் என்று அந்த விதி இடம் கொடுக்கிறது, ஆனாலும் பி.எச். வளையத்தில் புதியவர் அந்த அளவுக்குத் துணிய வேண்டாம்.

ஏனெனில் பெருக்கம் நிலையானது அன்று. டைட்ரேஷன் வளைவில் செங்குத்தான இடத்தில் அது பத்து மடங்குகூட உயரும். தட்டையான இடத்தில் ட்யூன் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால், இரவு ஷிஃப்ட்டில் நீர் நடுநிலையை நெருங்கும்போது பம்பு முழு வேகத்துக்கும் பூச்சியத்துக்கும் இடையில் ஊஞ்சலாடும். ஆகவே மிகச் செங்குத்தான இடத்தின் பெருக்கத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுங்கள். பி.எல்.சி.யில் அட்டவணை எழுதத் தெரிந்தவர்கள், முதல் படியில் வரைந்த வளைவைக் கொண்டு பி.எச். பிழையைத் தேவைப்படும் காஸ்டிக் அளவாக மாற்றி, அந்த அளவையே கட்டுப்படுத்திக்குக் கொடுக்கலாம். இது ஓரிரு நாள் வேலை. ஆனால் அதன்பின் வளையம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

ஐந்தாம் படி: மெதுவான வளையமும் பழக்கப்படுதலும்

இக்கட்டுரையின் மையம் இதுதான். இரத்த அழுத்தம் சட்டென்று மாறும்போது, வேகஸ் நரம்பு அடுத்த ஓரிரு துடிப்புகளுக்குள் இதயத் துடிப்பின் வேகத்தை மாற்றிவிடுகிறது. இரத்தக் குழாய்களின் இறுக்கம் மாறுவதற்குக் கூடுதல் நொடிகள் ஆகின்றன. இதயத்தை நெடுநேரம் மாறுபட்ட வேகத்தில் ஓட்டுவது செலவு மிகுந்தது. ஆகவே குழாய்கள் சுமையை ஏற்றுக்கொள்ளக்கொள்ள, இதயம் தன் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. இந்தப் போக்கை மாதிரியாகக் கொண்டு மைக்கேல் ஹென்சன், பாபாதுண்டே ஒகுன்னைக்கே, ஜேம்ஸ் ஷ்வாபர் ஆகிய மூவரும் 1995-இல் 'பழக்கப்படும் கட்டுப்பாடு' என்ற முறையை வேதிப் பொறியியலாளர்களுக்கு முன்வைத்தனர். ஒரே அளவைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் இருந்து, ஒன்று வேகமும் செலவும் மிக்கதாகவும் மற்றது மெதுவும் மலிவுமாகவும் இருந்தால், முதலாவது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், இரண்டாவது மெல்ல அதை விடுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் காஸ்டிக்கும் சுண்ணாம்பும் இதற்கென்றே அமைந்த இணை.

செய்முறை எளிது. பி.எல்.சி.யில் இரண்டாவது கட்டுப்படுத்தி ஒன்றை அமையுங்கள். அது பார்க்க வேண்டியது பி.எச். அளவை அன்று, காஸ்டிக் பம்பின் வேகத்தை. அதன் இலக்கு 30 விழுக்காடு; அது இயக்குவது சுண்ணாம்புப் பம்பை. காஸ்டிக் 30-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு மெல்லக் கூடும். கீழே இருந்தால் மெல்லக் குறையும். இதில் விகிதப் பகுதி வேண்டாம். தொகைப் பகுதி மட்டும் போதும். பிழை சிறிதாவது மீந்திருக்கும்வரை அதைக் கூட்டிக்கொண்டே போய், முழுவதும் தீர்ந்தபின்தான் ஓய்வது தொகைப் பகுதியின் குணம். சிறுநீரகம் மூச்சிலிருந்து வேறுபடுவதும் இதனால்தான். எஷெரிக்கியா கோலி பாக்டீரியா, சுற்றியுள்ள உணவின் அளவு மாறியபின்பும் தன் நீச்சல் முறையைத் துல்லியமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதிலும் இதே தொகைப் பின்னூட்டம்தான் ஒளிந்திருக்கிறது என்று 2000-இல் டாவ்-மு யீ, ஜான் டாயில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினர்.

மெதுவான வளையம், வேகமான வளையத்தைவிடக் குறைந்தது ஐந்து முதல் பத்து மடங்கு மெதுவாக இருக்க வேண்டும். காஸ்டிக் வளையம் பத்து நிமிடத்தில் அடங்குகிறது என்றால், சுண்ணாம்பு தன் வேலையை முடிக்க ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளட்டும். அவசரப்படுத்தினால் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். எல்லாம் சரியாக அமைந்த நாளில், சாய டிரம் ஒன்று திறந்துவிடப்பட்டபின் திரையில் தெரிவது இப்படி இருக்கும்: பி.எச். 7.8-இலிருந்து 7.5-க்கு இறங்கி மீண்டும் ஏறும். அதற்குள் காஸ்டிக் கோடு 30-இலிருந்து 60 வரை எழும்பும். பிறகு சுண்ணாம்புக் கோடு சாய்வான மேடாக 40-இலிருந்து 47-க்கு ஏற ஏற, காஸ்டிக் அதற்கேற்ப இறங்கி 30-க்கு வந்து நிற்கும். பி.எச். கோட்டில் அந்த இறக்கத்தின் சுவடுகூடத் தெரியாது. 50 விழுக்காடு வைக்காமல் ஏன் 30 என்றால், வெட் புளூ டேனரியில் இடையூறு பெரும்பாலும் அமிலப் பக்கமாகவே வருவதால், மேலே ஏறுவதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும்.

சுண்ணாம்புப் பாலின் பைப் அடைத்துக்கொள்வதே இந்த ஏற்பாட்டின் முதல் எதிரி. டோசிங் பம்பு நின்றாலும் பால் சுற்றிக்கொண்டே இருக்கும்படி வளைய பைப் அமைத்து, பம்புக்கு ஒரு குறைந்தபட்ச வேகத்தையும் வைத்துவிடுங்கள். சுண்ணாம்புப் பம்பு ஓடியும் காஸ்டிக் கீழே வராமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயரத்திலேயே நின்றால், பைப் அடைத்திருக்கிறது என்று அலாரம் அடிக்கச் சொல்லலாம். வேறு எந்தக் கருவியும் இதற்கு வேண்டாம்.

ஆறாம் படி: முன்கூட்டியே அறிதல்

ஒருவர் ஓடத் தொடங்கியதும், இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதற்கு முன்பே மூச்சு வேகம் பிடிக்கிறது. தசைகளுக்குப் போகும் கட்டளையின் செய்தி மூச்சு மையத்துக்கும் போய்விடுவதே இதற்குக் காரணம். டிரம்மைத் திறக்கும் இடத்தில் ஒரு புஷ் பட்டன் வைத்து, மேஸ்திரி அதை அழுத்தியபின்தான் வால்வைத் திறப்பது என்று ஏற்பாடு செய்தால், நமக்கும் அதே செய்தி கிடைக்கும். வரவு ஓட்டத்துக்கு ஏற்பச் சுண்ணாம்பின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் விகிதக் கணக்கும் இதில் சேர்ந்ததே. கணக்கிட்ட அளவில் 60, 70 விழுக்காட்டை மட்டும் முன்னூட்டமாக, அதாவது விளைவு தெரியும் முன்பே கொடுத்து, மீதியைப் பின்னூட்டத்திடம் விட்டுவிடுங்கள். முழு அளவையும் கொடுத்தால், மேஸ்திரி பட்டனை அழுத்திவிட்டு வால்வைத் திறக்காமல் டீ குடிக்கப் போன நாளில் தொட்டி காரமாகிவிடும்.

உடலைப் பின்பற்றக் கூடாத ஓர் இடம்

இரத்தச் சர்க்கரையைக் காக்க இன்சுலினும் குளுக்ககானும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன; சாதாரண நேரத்திலும் இரண்டும் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு அமிலப் பம்பையும் காரப் பம்பையும் ஒரே இலக்கில் எதிரெதிராக ஓட விடுபவர்கள் உண்டு. உடலுக்கு அதில் கிடைக்கும் ஆதாயம் வேகம். நமக்கு மிஞ்சுவது உப்பு. ஊற்றிய அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று டி.டி.எஸ். ஆக நீரில் நிற்கும். காரம் 7.8-க்குக் கீழே மட்டும், அமிலம் 8.5-க்கு மேலே மட்டும் என்று நடுவில் இடைவெளி விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் பி.எச். எங்கே அலைந்தாலும் பாக்டீரியாக்கள் பொறுத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: மின்வெட்டும் புரோப் கழுவும் நேரமும்

பம்பு ஏற்கெனவே 100 விழுக்காட்டில் ஓடும்போதும் தொகைப் பகுதி கூட்டிக்கொண்டே போனால், நீர் சரியானபின்பும் அது இறங்கி வர நெடுநேரம் ஆகும். பி.எல்.சி.யில் இதைத் தடுக்கும் வசதி இருக்கும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு வளையங்களுக்கும் இது தனித்தனியாக வேண்டும்; காஸ்டிக் பம்பு கையால் ஓட்டும் நிலையில் இருக்கும்போது, சுண்ணாம்பு வளையமும் தானாக உறைந்து நிற்க வேண்டும்.

புரோப்பைக் கழுவ எடுக்கும்போது வளையத்தை நிறுத்தாமல் எடுப்பதுதான் இரவு ஷிஃப்ட்டில் அடிக்கடி நடக்கும் தவறு. புரோப் 4.01 பஃபரில் நிற்கிறது என்பது கட்டுப்படுத்திக்குத் தெரியாது. தொட்டி முழுவதும் அமிலமாகிவிட்டது என்றே அது எண்ணும், காஸ்டிக்கைக் கொட்டும். பேனலில் 'புரோப் கழுவல்' என்று ஒரு சுவிட்ச் வைத்து, அதைத் திருப்பினால் இரண்டு பம்புகளும் அப்போதைய வேகத்திலேயே பதினைந்து நிமிடம் நிற்கும்படியும், அதற்குள் திருப்பிவிடாவிட்டால் அலாரம் அடிக்கும்படியும் செய்யுங்கள். பி.எச். எண் பத்து நிமிடமாகத் துளிகூட அசையவில்லை என்றாலும் அலாரம் வேண்டும். உயிருள்ள அளவீடு ஒன்று சற்றேனும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அசையாத கோடு அறுந்த வயரையோ உறைந்த டிரான்ஸ்மிட்டரையோ குறிக்கிறது.

எட்டாம் படி: சோதித்து ஒப்படைத்தல்

பழைய முறையில் ஒரு வாரம், புதிய முறையில் ஒரு வாரம் என்று ஓட்டி, நான்கு எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்: இலக்கிலிருந்து மிகக் கூடுதலாக விலகிய அளவு, திரும்பி வர ஆன நேரம், ஆயிரம் லிட்டர் நீருக்குச் செலவான காஸ்டிக், ஆயிரம் லிட்டருக்குச் செலவான சுண்ணாம்பு. முதல் இரண்டும் மேம்பட்டு மூன்றாவது கூடியிருந்தால், மெதுவான வளையம் வேலை செய்யவில்லை என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள். நிர்வாகத்திடம் பேசுவதற்கு மூன்றாவது எண்ணே போதுமானது.

ட்யூன் செய்த எண்களை நிலையானவையாக எண்ணிவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் சேமிப்புக் குழிக்குள் மழைநீர் இறங்கினால் வளைவு மேலும் செங்குத்தாகும். ஏற்றுமதி ஆர்டர் மாறி, காலணியின் மேல்பகுதித் தோலுக்குப் பதிலாக உள்தோல் லைனிங் ஓடத் தொடங்கினால் சாயமும் ஃபேட்லிக்கரும் மாறும். பருவத்துக்கு ஒரு முறையும், டிரம் பிரிவில் செய்முறை மாறும் ஒவ்வொரு முறையும் டைட்ரேஷனைத் திரும்பச் செய்து, அட்டவணையைத் திருத்தி, புதிய எண்களையும் தேதியையும் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டி, பழைய தாளை ரெஜிஸ்டருக்குள் வைத்துவிடுங்கள்.